முதலில் குத்தல், பிறகு காதல்

கடலை நேசிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இப்போது பெருகியிருக்கிறது. முதுகில் சிலிண்டர், காலில் ரப்பர் துடுப்பு, முகத்தில் கண்ணாடி, இன்ஸ்டாகிராமில் ஓர் ஆமையோடு படம், படத்துக்குக் கீழே கடலைத் தாயே என்று விளித்து ஒரு வரி. நல்ல ஜனங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் குலமுதல்வர்கள் யார் என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அவர்களில் யாரும் ஆமையைப் பார்க்கக் கடலுக்குள் இறங்கவில்லை. கடனை அடைக்க இறங்கினார்கள், முத்தெடுக்க இறங்கினார்கள், கடைசியாக வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் குத்த இறங்கினார்கள். காதல் வந்ததெல்லாம் மீன் குறைந்த பிறகுதான்.

மூத்தவரிடமிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் லெத்பிரிட்ஜ் என்றொரு கம்பளி வியாபாரி. 1715-இல் வியாபாரம் படுத்துவிட்டது. மனிதர் மொத்தம் 17 பிள்ளைகளுக்குத் தகப்பன் என்கிறது வரலாறு. அவ்வளவு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் நிம்மதியாக உட்கார இடம் வேண்டுமென்றால் பீப்பாய்க்குள்தான் போக வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, தோட்டத்தில் ஒரு பீப்பாய்க்குள் புகுந்து, வாயை அடைக்கச் சொல்லி, அரை மணி நேரம் உள்ளேயே கிடந்து பார்த்தார். சாகவில்லை. தொழிலுக்கு அது போதுமே! ஆறடி நீளத்துக்கு மரத்தில் ஓர் உருளைப் பெட்டி செய்தார். கைகளை வெளியே நீட்ட இரண்டு துளை, பார்க்க ஒரு கண்ணாடி. ஆளை உள்ளே குப்புறப் படுக்க வைத்து, மூடியைத் திருகி, கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். உள்ளே அடைபட்ட காற்றுதான் மூலதனம். அது கெட்டுப்போனால் மேலே இழுத்து, துருத்தியால் புதுக்காற்று ஊதி, மறுபடி இறக்க வேண்டியது. இப்படி 60 அடி ஆழத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை போனதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முழுகிப்போன கப்பல்களிலிருந்து வெள்ளியைத் தோண்டிக் கொடுத்துத் தானும் தேறினார். கடலடியின் அழகு? குப்புறக் கிடந்து, இரண்டு கையும் குளிரில் மரத்துப்போனவனிடம் போய் அதைக் கேட்கக் கூடாது.

நம் பக்கத்துக் கதை இதைவிட ருசியானது. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் பீப்பாயும் கிடையாது, துருத்தியும் கிடையாது. ஒரு கல்லோடு இறங்குவார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கைக்கு அகப்பட்ட சிப்பியைக் கூடையில் வாரிப் போடுவார்கள், மேலே வருவார்கள். இதில் ஒரே ஒரு சிக்கல், சுறா. அதற்கென்றே ஓர் உத்தியோகம் இருந்தது: கடல்கட்டி. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவர். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ இதை வாயைப் பிளந்துகொண்டு எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு. அதைவிட விசேஷம், மந்திரம் பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவரே கட்டை அவிழ்த்துவிடுவார், சுறா தன் இஷ்டப்படி மேயலாம். ராத்திரியில் திருட்டுத்தனமாக முத்தெடுக்க எவனுக்காவது ஆசை வந்தால் அடங்கிப்போக இது போதாதா? காவலுக்கு ஆள் வைக்காமலேயே கடலைப் பூட்டிவைத்த மூளை அது.

பிறகு வந்த ஆங்கிலேயத் துரைகளுக்கு இந்த மந்திரத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் கடல்கட்டி முனகாமல் ஒருவனும் தண்ணீரில் இறங்க மாட்டான். இறங்காவிட்டால் சர்க்காருக்கு வருமானம் இல்லை. ஆகவே பகுத்தறிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சுறாவின் வாயைக் கட்டுபவருக்குச் சர்க்கார் செலவிலேயே சம்பளம் எழுதினார்கள்.

இந்தச் சலாபத்தை வந்து பார்க்காமலேயே பாரிஸ் பக்கத்திலிருந்து ஒருவர் கதைக்குள் இழுத்துவிட்டார். ஜூல்ஸ் வெர்ன் எழுதி 1870-இல் முடிந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் கேப்டன் நெமோ தன் விருந்தாளிகளை மன்னார்ப் பாருக்குத்தான் முத்துக் காட்டக் கூட்டி வருகிறார். அங்கே ஓர் ஏழைக் குளிகாரரைச் சுறா துரத்துகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறார், தடுமாறுகிறார், உடன் வந்த நெட் லேண்ட் ஈட்டியை எறிந்து சுறாவைக் கொல்கிறார். பிழைத்தவர் கையில் நெமோ ஒரு பை முத்தைத் திணித்துவிட்டுப் போகிறார். இந்த நெமோ யாரென்றால், புந்தேல்கண்டு ராஜாவின் மகன், திப்பு சுல்தானுக்குச் சொந்தம் என்று பின்னால் வந்த நாவலில் வெர்ன் போட்டு உடைக்கிறார். எப்படியோ, முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு கடலடியில் ஈட்டிவேட்டை ஆடிய பெருமை, கதையிலானாலும், நம் வளைகுடாவுக்கு உண்டு. கடல்கட்டிக்கு அந்த அத்தியாயத்தில் வேலை கொடுக்காதது வெர்ன் செய்த பிழை.

அந்த நாவலில் வரும் காற்றுப்பெட்டி கற்பனை அல்ல. ருக்கெரோல் என்ற சுரங்க என்ஜினியரும் தெனெய்ரூஸ் என்ற கடற்படை அதிகாரியும் 1860-களில் நிஜமாகவே செய்தது. மூச்சை இழுத்தால் மட்டும் காற்று வரும், இழுக்காவிட்டால் நின்றுவிடும். இன்றைய ஸ்கூபாவின் உயிர்நாடியே இந்தத் தந்திரம்தான். ஆனால் அன்றைய உலோகத்தில் பெரிய அழுத்தத்துக்குக் காற்றை அடைக்க முடியாததால், மேலே படகிலிருந்து குழாய் வழியே காற்று வந்தால்தான் வேலைக்கு ஆகும். உலகம் அதைப் பாராட்டி, பதக்கம் கொடுத்து, நன்றாக மறந்துவிட்டது. அதே தந்திரத்தை இன்னொருவர் மறுபடி கண்டுபிடிக்க ஏறக்குறைய 80 வருஷமும் ஓர் உலகப் போரும் தேவைப்பட்டன.

நடுவில் ஆடுகள் வருகின்றன. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் கோலி சோடாவை உடைத்த மாதிரி உள்ளே நுரைக்கும். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அஸ்திவாரம் தோண்டியவர்கள் இதில் மாட்டித்தான் முடங்கினார்கள். தலைமை என்ஜினியர் ரோப்ளிங்கே படுக்கையில் விழுந்தார். பிரிட்டிஷ் கடற்படைக்காக இதற்கு வழி தேடிய ஜே. எஸ். ஹால்டேன், ஆடுகளை இரும்பு அறைக்குள் அடைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கினார். வலி கண்ட ஆடு ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் படம் பிடித்துப் போட்டு, எவ்வளவு ஆழத்திலிருந்து எங்கெங்கே நின்று நின்று ஏற வேண்டும் என்று 1908-இல் அட்டவணை வெளியிட்டார். இன்று ஸ்கூபாக்காரர் மணிக்கட்டில் மினுக்கும் டைவ் கம்ப்யூட்டருக்கு அந்த நொண்டி ஆடுகள்தான் பாட்டன் பாட்டி. ஆடு போதாதென்று, 13 வயது மகனையும் அளவு பொருந்தாத மூழ்குடையில் ஸ்காட்லாந்துக் கடலில் இறக்கினார் தகப்பனார். உடைக்குள் தண்ணீர் ஏறியது, பையன் பிழைத்தான். அவன்தான் பிற்காலத்தில் பேர்பெற்ற உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அழுத்தச் சோதனைகளில் காது ஜவ்வு கிழிந்துபோனதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை. புகைத்தால் காது வழியாகப் புகை விடலாம், நாலு பேர் நடுவில் அது ஒரு வித்தை என்று எழுதியவர். இந்தியாவுக்கே குடிவந்து 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

இனி நிஜமான குற்றவாளிகளிடம் வருவோம். 1930-களின் பிரான்சு, தெற்குக் கடற்கரை. பணக்காரர்கள் வெயில் காய வருகிற இடம். அங்கே ஆன்டிப் ஊரில் கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்கர் இருந்தார். முன்னாள் விமானி. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கதை எழுதிப் பிழைப்பவர், அதாவது கையில் நேரம் இருந்தவர். தன் பழைய விமானக் கண்ணாடியின் இடுக்குகளைப் புட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசி, மாட்டிக்கொண்டு கடலில் தலையைக் கவிழ்த்தார். தெளிந்த நீரில் மீன்கள் அது பாட்டுக்கு உலவிக்கொண்டிருந்தன. ஒரு மனிதன் வேலைவெட்டிக்காக அல்லாமல் சும்மா கடலடியைப் பார்க்கிறான். அந்தப் புனிதமான நொடியில் கில்பாட்ரிக்குக்குத் தோன்றிய எண்ணம், ஓர் ஈட்டி கிடைத்தால் தேவலை என்பது.

கிடைத்தது. அவரைப் பார்த்து ஊர் நண்பர்களும் இறங்கினார்கள். ‘தி கம்ப்ளீட் காகிளர்’ என்று 1938-இல் அவர் புத்தகமே போட்டார். ஈட்டிவேட்டைக்கென்று வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு முந்தைய வருஷம் அந்தக் கரைக்கு விடுமுறைக்கு வந்த ஹான்ஸ் ஹாஸ் என்ற வியன்னா இளைஞன், கில்பாட்ரிக் மீன் குத்துவதைக் கண்டு மயங்கிப்போனான். வக்கீலுக்குப் படிக்க வேண்டிய பிள்ளை, அதை விட்டுவிட்டு விலங்கியல் படித்து, கடலடிக் கேமராவோடு உலகம் சுற்றக் கிளம்பிவிட்டான். கரீபியன் கடலில் சுறா நெருங்கியபோது அவன் கண்டுபிடித்த ஆயுதம், தண்ணீருக்குள்ளேயே வாய்விட்டுக் கத்துவது. சுறா திரும்பி ஓடியதாம். நம் கடல்கட்டி இதைத்தான் கரையில் நனையாமல் நின்று செய்துகொண்டிருந்தார், அதுவும் சம்பளத்தோடு.

கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. லூயி தெ கொர்லியு என்ற கடற்படைக்காரர் காலில் மாட்டும் ரப்பர் துடுப்புக்கு 1933-இல் காப்புரிமை வாங்கினார். யீவ் லெ ப்ரியர் என்பவர் மார்பில் காற்றுப் புட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். இவர் முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து ராக்கெட் விட வழி செய்தவர், சும்மா இருக்கத் தெரியாத ஜாதி. ஆனால் அவருடைய புட்டியில் காற்று ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும், நிமிஷக் கணக்கில் காலி. கண்ணாடியிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியோடு ஆழத்துக்குப் போனால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, விழியை வெளியே பிடித்து இழுக்கும். மேலே வருகிறவன் கண் ரத்தச் சிவப்பாக இருக்கும், வீட்டில் என்ன நினைப்பார்கள்? மூக்கையும் சேர்த்து மூடும் ஒற்றைக் கண்ணாடி வந்த பிறகுதான், மூக்கால் கொஞ்சம் காற்றை ஊதி அழுத்தத்தைச் சமன் செய்துகொள்ள முடிந்தது. இன்று கடைகளில் தொங்கும் மாஸ்க் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

இந்தக் காட்சிக்குள் மூன்று பேர் நுழைகிறார்கள். ஃபிலிப் தய்யே, கடற்படை அதிகாரி, மீன் குத்துவதில் பைத்தியம். அவரிடம் மாட்டியவர் ழாக் குஸ்தோ, அவரும் கடற்படை. விமானியாக வேண்டும் என்று பயிற்சிக்குப் போய், கார் விபத்தில் கைகள் நொறுங்கியவர். கை தேறட்டும் என்று நீந்திக்கொண்டிருந்தவரின் கண்ணில் 1936-இல் தூலோன் அருகே தய்யே ஒரு நீச்சல் கண்ணாடியை மாட்டிவிட்டார். மூன்றாமவர் ஃபிரெடெரிக் டூமா. உத்தியோகம் என்று ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மூச்சைப் பிடித்து மீன் குத்துவதில் அந்தக் கரையிலேயே மன்னன்.

டூமாவின் கதை ஒன்று போதும். 1939 கோடையில் லெ ப்ரூஸ்க் என்ற இடத்தில் பந்தயம்: இரண்டு மணி நேரத்தில் 100 கிலோ மீன். மனிதர் ஐந்தே முறை முங்கினார், சிலிண்டர் இல்லை, வெறும் மூச்சு. 45 முதல் 60 அடி ஆழம். ஐந்து முறையும் வெறும் கையோடு வரவில்லை. நான்கு களவா, பாறை வகையறாவில் 80 பவுண்டு எடையுள்ள மீன் ஒன்று. பந்தயம் ஜெயித்தாகிவிட்டது. இன்றைக்கு இப்படி ஒரு வீடியோ போட்டால் கமென்ட்டிலேயே ஆளைக் கொன்றுவிடுவார்கள்.

களவாயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வரலாற்றில் அதிகம் அடிபட்டது அதுதான். மத்தியதரைக் கடல் களவா தனக்கென்று ஒரு பாறைப் பொந்து வைத்துக்கொள்ளும், ஊர் மாறாது. புதிதாக யாராவது வந்தால் ஓடி ஒளியாமல் வாசலில் வந்து நின்று பார்க்கும், விசாரிக்கும் குணம். ஈட்டிக்காரனுக்கு இதைவிடத் தோதான பிராணி எது? இன்னொரு விசேஷம், அது பிறக்கும்போது பெண். பல வருஷம் முட்டையிட்டு, பெரிதாகி, பிறகுதான் ஆணாகும். வீரர்கள் குத்துவதோ எப்போதும் இருப்பதிலேயே பெரிய மீனை. அதாவது ஒரு பகுதியில் மிஞ்சியிருந்த நாலைந்து மாப்பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக் குத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த தலைமுறைக்கு யார் கணக்குச் சொல்வது?

மற்ற மீன்கள் சீக்கிரமே பாடம் படித்துக்கொண்டன. ஈட்டி எவ்வளவு தூரம் பாயும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு முழம் தள்ளியே நிற்கும். வெறுங்கையோடு போனால் பக்கத்தில் வந்து விளையாடும். குஸ்தோவே இதைப் பிற்பாடு ரசித்து எழுதியிருக்கிறார். மீனுக்குப் புத்தி வந்த பிறகுதான் மனிதன் இன்னும் ஆழமாக, இன்னும் நேரம் அதிகமாகக் கீழே இருக்க வேண்டும் என்று யோசித்தான்.

குஸ்தோவின் முதல் யோசனை ஆக்சிஜன். தான் வேலை செய்த சுஃப்ரேன் போர்க்கப்பலின் துப்பாக்கி மெக்கானிக்கைப் பிடித்து, விஷவாயு முகமூடியின் வடிகட்டி, ஒரு மோட்டார் சைக்கிள் டியூப், சின்ன ஆக்சிஜன் பாட்டில் எல்லாவற்றையும் ஒட்டவைத்தார். 45 அடியில் உடம்பு வில்லாக வளைந்து வலிப்பு வந்தது, இடுப்புக் கனத்தைக் கழற்றி எறிந்து பிழைத்தார். கருவியில் ஏதோ கோளாறு என்று சரிசெய்து மறுபடி போனார், மறுபடி வலிப்பு. அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் நஞ்சு. இரண்டாவது வலிப்புக்குப் பிறகு அவருக்கு அந்தப் பாட்டிலின் மேல் இருந்த ஆசை விட்டுப்போனது.

இதற்குள் போர் வந்துவிட்டது, பிரான்சு விழுந்தது. ஊரெங்கும் பஞ்சம், ரேஷன். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? படம் எடுத்தார்கள். ‘18 மீட்டர் ஆழத்தில்’ என்று 1942-இல் ஒரு குறும்படம், விஷயம் மீன் குத்துவது. சினிமா ஃபிலிம் கிடைக்கவில்லை. ஸ்டில் கேமரா ஃபிலிம் சுருள்களை வாங்கிப் போர்வைக்கடியில் உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒட்டினார்கள், குஸ்தோவின் மனைவி சிமோனும் சேர்ந்து. அந்தச் சிமோன் இந்த வரலாற்றில் எப்போதும் இரண்டாவது வரியில்தான் வருவார். ஆனால் அவர் இல்லையென்றால் முதல் வரியே கிடையாது. அவருடைய அப்பா ஏர் லிக்கீத் என்ற பெரிய வாயுக் கம்பெனியில் மேல்மட்ட அதிகாரி. மருமகன் கண்ணாடியும் ஈட்டியுமாகத் திரிவதைப் பார்த்து எந்த மாமனாருக்கும் வரக்கூடிய கவலை அவருக்கும் வந்திருக்கும். கம்பெனியின் என்ஜினியர் எமில் கன்யானிடம் போகச் சொன்னார்.

1942 டிசம்பர், பாரிஸ். கன்யானின் மேஜையில் ஒரு வால்வு கிடந்தது. ஜெர்மானியர்கள் பெட்ரோலையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டதால், பிரெஞ்சுக்காரர்கள் காரைச் சமையல் வாயுவில் ஓட்டப் பார்த்தார்கள். என்ஜின் உறிஞ்சுகிற அளவுக்கு மட்டும் வாயுவை விடுகிற வால்வு அது. இதுதானே உனக்கு வேண்டும் என்கிற மாதிரி எடுத்து நீட்டினார். ஹிட்லர் பெட்ரோலைப் பிடுங்கியிராவிட்டால் நாம் இன்றைக்கு ஆமையோடு செல்ஃபி எடுத்திருக்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் எதிர்வாதம் செய்ய வழியில்லை.

1943 ஜனவரி, உறைய வைக்கும் மார்ன் ஆற்றில் முதல் சோதனை. நேராக நின்றால் காற்று வீணாகப் பீறிட்டது. தலைகீழாக நின்றால் காற்றே வரவில்லை. படுத்தால் மட்டும் சரி. இருவரும் முகம் தொங்கி காரில் திரும்பும் வழியில் கோளாறு பிடிபட்டது. மூச்சுவிடும் வாய் ஒரு மட்டத்திலும் காற்று தரும் வால்வு இன்னொரு மட்டத்திலும் இருந்தால் இரண்டிடத்திலும் தண்ணீரின் அழுத்தம் வேறு. வெளிவிடும் குழாயை வால்வுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள், தீர்ந்தது.

ஜூன் மாதம் புதுக்கருவி ரயிலில் பந்தோல் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஒதுக்குப்புறமான ஒரு குடா. குஸ்தோவின் முதுகில் மூன்று சிலிண்டர். மேலே சிமோன் முகத்தைக் கவிழ்த்து நீந்தியபடி காவல். ஏதாவது ஆனால் பாய்ந்து தூக்க வேண்டும் என்று டூமா கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இது மட்டும் சுகமான வேலை. குஸ்தோ குட்டிக்கரணம் போட்டார், ஒற்றை விரலில் நின்றார், மல்லாந்து மிதந்தார், எந்தக் கோணத்திலும் காற்று வந்தது. மனிதன் மீனான தருணம், கவிதை எழுத வேண்டிய கட்டம். குஸ்தோ ஒரு குகைக்குள் நுழைந்தார், கூரையில் சிங்கி இறால் அடை அடையாகத் தொங்குவதைப் பார்த்தார். பஞ்சகாலம், வீட்டில் சாப்பிட வரப்போகிற நண்பர்கள் நினைவுக்கு வந்தார்கள். இரண்டிரண்டாகப் பிடுங்கிக்கொண்டுபோய் மேலே சிமோனிடம் கொடுத்தார்.

அருகே பாறையில் ஒருவர் தூண்டிலும் தக்கையுமாக உட்கார்ந்து காலையிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண்மணி எழுந்து, துள்ளும் இறாலைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், கீழே இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறைந்தார். தூண்டில் கையை விட்டு நழுவியது. இந்தக் கருவியின் முதல் கடல் முழுக்குக்கு நேர்சாட்சியாக இருந்த அந்தப் பெயர் தெரியாத மனிதர் அன்றைக்குப் பிறகு தூண்டிலைத் தொட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அக்டோபரில் டூமா ஆழம் பார்க்க இறங்கினார். சாட்சிக்குப் படகில் துறைமுக என்ஜினியர் ஒருவரும், கையெழுத்துப் போடக் கோர்ட் அமீனா ஒருவரும். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், எட்டிய இடத்தில் இடுப்புக் கச்சையைக் கட்டிவிட்டு வர வேண்டும். ஆழத்தில் நைட்ரஜன் மூளைக்கு ஏறிவிடும். பட்டைச் சாராயம் கெட்டது போங்கள். டூமாவுக்கு உலகமே இன்பமயமாகி, தூக்கம் தூக்கமாக வந்தது. கச்சையைக் கட்டிவிட்டு மேலே வந்து, 100 அடிகூடப் போகவில்லை என்று தலையைத் தொங்கப் போட்டார். கயிற்றை இழுத்துப் பார்த்தால் கச்சை 210 அடியில் கட்டியிருந்தது. அமீனா கையெழுத்துப் போட்டார்.

போருக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கருவி விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்சில் அதை இறக்குமதி செய்த விளையாட்டுக்கடைக்காரர் பத்து உருப்படி விற்றதும், சந்தை நிரம்பிவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்றாராம். சந்தை ஆய்வு என்ற கலைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. குஸ்தோ ‘கலிப்ஸோ’ என்ற பழைய கண்ணிவாரிக் கப்பலை வருஷத்துக்கு ஒரு பிராங்க் வாடகைக்குப் பெற்றார். மிச்சச் செலவுக்கு, கேட்பானேன், சிமோனின் நகைகள் போயின என்று சொல்வார்கள். அதுவும் போதாமல் 1954-இல் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனிக்காகக் கடலடியைத் தோண்டிக் கொடுத்துக் காசு பார்த்தார்கள். கடல் பாதுகாப்பின் முகமாக உலகம் கொண்டாடிய கப்பல்தான்.

1956-இல் ‘மௌன உலகம்’ படம் வந்தது. குஸ்தோவும் லூயி மாலும் கூட்டாக இயக்கியது. கில்பாட்ரிக் கண்ணாடியைப் புட்டி வைத்து அடைத்த ஆன்டிப்புக்கு அடுத்த ஊரான கான் நகரில் தங்கப் பனை வாங்கி, பிறகு ஆஸ்காரும் வாங்கியது. இன்று போட்டுப் பாருங்கள். மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறைக்கு வெடி வைக்கிறார்கள். கப்பலின் விசிறியில் ஒரு திமிங்கிலக் குட்டி அடிபடுகிறது, சுட்டுக் கொல்கிறார்கள். அதன் ரத்தத்துக்கு வந்த சுறாக்களைத் தளத்தில் இழுத்துப்போட்டுக் கோடாலியால் பிளக்கிறார்கள், ஏதோ முறைமாமன் பழி தீர்க்கிற ஆவேசத்தில். அதே படத்தில் ஜோஜோ என்று ஒரு களவா வருகிறது. சீஷெல்ஸ் பக்கத்து மீன், இறைச்சித் துண்டுக்காகப் பின்னாலேயே சுற்றுகிறது. அதோடு முக்குளிப்பவர்கள் வால்ட்ஸ் நடனம் ஆடுகிறார்கள், இசையோடு. இரண்டு மணி நேரத்தில் நான்கு களவாயைக் குத்திய டூமாவும் அந்தக் கப்பலில் இருந்தார். ஈட்டியிலிருந்து நடனத்துக்கு வர இவர்களுக்கு 17 வருஷம் ஆகியிருக்கிறது. திமிங்கிலத்துக்கும் சுறாவுக்கும் இன்னும் கொஞ்சம் காலம் ஆனது.

அதே 1956-இல்தான் ஆர்தர் சி. கிளார்க் இலங்கைக்கு வந்து குடியேறினார். விண்வெளிக் கதை எழுதுகிறவருக்குச் சந்திரனுக்குப் போக வழியில்லை. எடையில்லாமல் மிதக்க வேண்டுமானால் கடல்தான் கதி. உடன் வந்தவர் மைக் வில்சன். உள்ளூரில் கிடைத்த கூட்டாளி ராட்னி ஜோன்க்ளாஸ், தெகிவளை மிருகக்காட்சிசாலையில் அதிகாரி, ஈட்டிவேட்டையில் தீவிலேயே பேர்போனவர். பகலில் பிராணிகளைக் காப்பாற்றுவதும் விடுமுறையில் குத்துவதும் அந்தத் தலைமுறைக்கு முரணாகத் தெரியவில்லை. வில்சன் படம் பிடிக்க, கிளார்க் புத்தகம் எழுத, பிழைப்பு ஓடியது. திருகோணமலையில் சுவாமி மலைக்கு அடியில் முங்கியபோது, 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் கிடப்பதைப் பார்த்தார்கள். 1961-இல் தெற்குக் கடலில், உள்ளூரார் மகா ராவணன் கோட்டை என்று சொல்லும் பாறையருகே, வில்சன் படம் எடுக்கப் போய், ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி நாணயங்கள் கட்டிகட்டியாக இறுகிக் கிடந்ததைக் கண்டார். அடுத்த வருஷம் சிங்களத்தின் முதல் வண்ணப்படத்தை இயக்கினார், கதை என்ன? கடலடிப் புதையல்தான். அதற்கப்புறம்தான் திருப்பம். வில்சன் எல்லாவற்றையும் உதறிவிட்டு, கதிர்காமக் கந்தனுக்கு அடியாராகி, சுவாமி சிவ கல்கி என்று பெயர் வைத்துக்கொண்டு காவி கட்டிவிட்டார். கோணேசர் சும்மா விடுவாரா?

பிரான்சு கரையில் களவா ஏறக்குறைய துடைத்தெறியப்பட்ட நிலைக்குப் போயிற்று. 1963-இல் போர்-க்ரோ தீவையும் அதைச் சுற்றிய கடலையும் தேசியப் பூங்காவாக்கி, ஈட்டியை வெளியே நிறுத்தினார்கள். 1993-இல் பிரான்சின் மத்தியதரைக் கரை முழுக்கக் களவாயை ஈட்டியால் குத்தத் தடை வந்தது. சிலிண்டரை மாட்டிக்கொண்டு எந்த மீனைக் குத்தினாலும் அங்கே குற்றம்தான். குத்த வேண்டுமா, டூமா மாதிரி சொந்த மூச்சில் போ என்கிறது சட்டம். போர்-க்ரோவில் களவா மறுபடி பெருகி, பெரிய ஆண் மீன்களும் பொந்துக்குப் பொந்து வந்துவிட்டன. லா கபினியேர் பாறைக்குப் படகு பிடித்து, காசு கட்டி, நாலு நாட்டு ஜனங்கள் அவற்றைப் பார்க்க முங்குகிறார்கள். அதுவோ பழைய குணம் மாறாமல் வாசலில் வந்து நின்று, வந்தவரை ஏற இறங்கப் பார்க்கிறது. நீங்கள் போனால் கேமரா கொண்டுபோகலாம். ஈட்டியோடு மாட்டினால் அபராதம்.